புரதம் எந்தக் கூட்டம்?

அம்மா எனக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்தபோதுதான் எங்களுக்குச் சந்தேகம் வந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் "வாடா, போடா" என்றவர், ஒரு நாள் காலையில் நான் காப்பியோடு போனதும் எழுந்து நின்று, "வாங்க, உக்காருங்க. ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்றார். கோயமுத்தூரில் அந்த 'ங்க' யாருக்கும் கிடைக்கும். பெற்ற பிள்ளைக்குக் கிடைத்தால் அவன் விருந்தாளியாகிவிட்டான் என்று அர்த்தம்.

காரமடையிலிருந்து அக்கா வந்தாள். இருவருமாக அம்மாவைப் பீளமேட்டில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, அல்சைமர் என்றார் அந்த அம்மையார். அம்மாவையும் அக்காவையும் வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் திரும்ப உள்ளே போனேன். அம்மாவின் மாத்திரையைப் பற்றிக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"இது பரம்பரையா வருமுங்களா?"

"வரலாமுங்க, வராமலும் போகலாம். மூளையில அபோ-ஈன்னு ஒரு புரதம் இருக்குதுங்க. கொழுப்பைச் சுமந்துட்டுப் போயி நரம்பு செல்லுக்குக் குடுக்கறதுதான் அதோட வேலை. குப்பை சேராம பாத்துக்கறதுலயும் அதுக்குப் பங்கு இருக்குது. முக்கியமா மூணு வகை, ரெண்டு, மூணு, நாலுன்னு நம்பர் போட்டிருக்காங்க. நாலாம் நம்பர் வகை இருக்கறவங்களுக்கு இந்த வியாதி வர வாய்ப்பு கொஞ்சம் கூட."

மண்டைக்குள் கொழுப்பு என்று பள்ளிக்கூடத்தில் என்னைத் திட்டிய வாத்தியார்கள் விஞ்ஞானப்படிதான் பேசியிருக்கிறார்கள். லோடு ஏற்றி இறக்க அங்கே தனியாக ஆள் வேறு இருக்கிறது. எனக்குச் சுவாரசியம் பிடித்துவிட்டது. கூடவே ஒரு நிம்மதியும்.

"அப்ப எனக்குப் பயமில்லீங்க டாக்டர். அம்மா வேற கூட்டமுங்க. நான் அப்பா கூட்டம்."

சத்தியமாக இதைச் சொன்னது நான்தான். மரபணுவைப் பற்றித் தடித்த புத்தகங்களை வாங்கி, படித்தும் வைத்திருக்கிறேன். ஆனால் பயம் வந்ததும் படித்ததெல்லாம் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு ஓடிவிட்டது. எங்கள் பக்கம் கூட்டம் என்றால் தகப்பன் வழியில் வரும் குலம். குலதெய்வம், பங்காளி, பங்காளிச் சண்டை எல்லாம் அந்த வழியாகவே வந்து சேரும். கட்டிக்கொண்டு வந்த பெண் புருஷன் கூட்டத்தில் சேர்ந்துவிடுவாள். ஆகவே அவள் வியாதி மட்டும் பிறந்த வீட்டோடு நின்றுவிட வேண்டும் என்று என் மூளை, கொழுப்புப் போக மீதியிருந்த பாகத்தைக் கொண்டு, தீர்ப்பு எழுதிவிட்டது.

டாக்டரும் இந்த மண்தான். "நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தனக்கே உறைத்ததும் சிரித்துவிட்டார்.

"அந்தப் புரதத்துக்கு அதெல்லாம் தெரியாதுங்க. அதைச் செய்யற மரபணு அம்மாகிட்ட இருந்து ஒரு பிரதி, அப்பாகிட்ட இருந்து ஒரு பிரதி வருமுங்க. எல்லாருக்கும் ரெண்டு. வேணும்னா ரத்தத்துல டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம். ஆனா நாலாம் நம்பர் இருந்தும் கடைசிவரைக்கும் தெளிவா இருக்கறவங்க இருக்காங்க. அது இல்லாமயே வியாதி வர்றவங்களும் இருக்காங்க. தெரிஞ்சு என்ன பண்ணப்போறீங்கன்னு ஊட்டுல பேசிட்டு வாங்க."

என்ன பண்ணப்போகிறேன்? ஒன்றுமில்லை. தெரிந்துகொள்வேன், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு வாசலில் கார் நின்றாலே யாரென்று எட்டிப் பார்க்கிறவன், என் மண்டைக்குள் எந்த நம்பர் ஆள் லோடு ஏற்றுகிறான் என்று பார்க்காமல் எப்படி இருப்பது?

மத்தியானம் அம்மா தூங்கியதும், சமையல்கட்டில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப எண்ணெயை நிறுத்திப்போடலாமா?" என்றாள்.

"அது நாம திங்கற கொழுப்பு இல்லக்கா. பெரும்பாலும் மூளையே தனக்குத் தயார் பண்ணிக்குது."

"உனக்கு அந்த நாலு இருந்தா எனக்கும் இருக்குமா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

கையிலிருந்த வெங்காயத்தை நறுக்கி முடித்தாள். "சாவியை எங்க வெச்சேன்னு இப்பவே தேடறேன்டா. நீ டெஸ்ட் எடுத்தீன்னா நான் ஒவ்வொரு சாவிக்கும் பயப்படோணும்."

"உங்கிட்டச் சொல்லமாட்டேன்."

"நீ சொல்லவே வேண்டாம். உன்ற மூஞ்சியே சொல்லிப்போடும். பத்தாவது ரிசல்ட்டைக்கூட உன்னால மறைக்க முடியல."

அது நியாயம். என் முகத்துக்கு ரகசியம் காக்கும் பயிற்சி கிடையாது. என் ரத்தத்தில் பாதிச் செய்தி அவளுடையது என்பது அந்த வெங்காய வாசனையில்தான் எனக்கு உறைத்தது. டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, இப்போதைக்கு டெஸ்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆசை மட்டும் போகவில்லை. அபோ-ஈ என்று எங்கே கண்டாலும் நின்று படிக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்திருந்தாள். சாப்பிடும்போது ஏதோ நினைத்துச் சிரித்துவிட்டேன். பரிமாறிக்கொண்டிருந்த அக்காவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"எதுக்குடா சிரிக்கற? எடுத்துட்டியா?"

"இல்லக்கா."

முகத்தைச் சட்டென்று கல் மாதிரி வைத்துக்கொண்டேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"ஐயோ, எடுத்துட்டான்!"

எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்த அம்மா, அக்காவிடம் மெதுவாகச் சொன்னார்: "அவரைச் சாப்பிட உடுங்க அம்மணி. வந்த எடத்துல சங்கடப்படறாருங்க."

அக்கா சோற்றைப் போட்டாள். நான் அம்மாவுக்கு நன்றி சொன்னேன். "இருக்கட்டுங்க," என்றார் அம்மா.