வல்லை வெளியில் ஒரு மலை

எங்கள் வீட்டில் மலையைக் கண்டவர் அப்பா ஒருவர்தான். அதுவும் விதை உருளைக்கிழங்கு ஏற்றப் போன லொறியில் இரவோடு இரவாகப் போய், இரவோடு இரவாகத் திரும்பியவர். போகும்போதும் நித்திரை, வரும்போதும் நித்திரை. ஆனாலும் மலை பற்றி எந்தப் பேச்சு வந்தாலும் அப்பா சொல்வதே முடிவாக இருந்தது.

அந்தப் பேச்சை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் சின்னம்மா, அம்மாவின் தங்கை. உரும்பிராயில் எங்களோடுதான் இருந்தார். பகலில் ஒரு புடவைக் கடையில் வேலை. விடியற்காலையில் விளையாட்டுக் கழகம் கொடுத்த மெல்லிய சில்லு வைத்த ரேசிங் சைக்கிளில் ஊர் ஒழுங்கைகளை எல்லாம் அளந்துவிட்டு வருவார். வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே போகும் அந்த ஒழுங்கைகளில் அந்த நேரத்தில் நாய்களும் சின்னம்மாவும் மட்டும்தான். அந்த வருடம் மாவட்டத்து அணியில் அவரைச் சேர்த்துவிட்டார்கள். ஆவணியில் பெண்களுக்கான சைக்கிளோட்டம். எங்கே என்று பார்த்தால் மலைநாட்டில்.

அணிக்குப் பெயர் வந்த சந்தோசத்தோடு வந்து முற்றத்தில் நின்றவர், அம்மா கேட்ட ஒரு கேள்வியில் அப்படியே சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“அங்கை ஏத்தமெல்லோ? இஞ்சை எங்கையடி ஏறிப் பழகப்போறாய்?”

நியாயமான கேள்விதான். எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்று சொல்லக்கூடியது மதகுகள் மட்டும். கீரிமலை என்று பெயரில் ஒரு மலை இருக்கிறது. போய்ப் பார்த்தால் கடல்தான் இருக்கும்.

அப்பா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே யோசித்தார். பிறகு, மலையை நேரில் கண்டவர் என்ற தோரணையில் சொன்னார்: “மலை எண்டால் வேறை ஒண்டுமில்லை. பாரம். எதிர்க்காத்தும் பாரமும் சேர்ந்தால் அதுதான் மலை. காத்துக்கு வல்லை வெளி இருக்கு. பாரத்தை நான் கட்டித் தாறன்.”

வாழைக்குலை ஏற்றுவதற்கென்று அகலமான கரியர் வைத்த தன் பழைய சைக்கிளை வெளியில் எடுத்து, அதில் ஒரு மூட்டை வெங்காயத்தைக் கட்டிக் கொடுத்தார். முதல் நாளே மூட்டை பிரிந்து நீர்வேலி வரைக்கும் வெங்காயம் சிந்தியது. மிச்சமும் நசுங்கிப் போனதென்று அம்மா ஒரு பாட்டம் பேசித் தீர்த்தார். அப்போதுதான் அப்பாவின் கண் என்மேல் விழுந்தது. ஒன்பது வயதில் நான் நல்ல கொழுத்த பிள்ளை. நசுங்கவும் மாட்டேன், சிந்தவும் மாட்டேன். அப்படித்தான் நான் மலையானேன்.

அது தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றடிக்கும் காலம். கடை பூட்டிய ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கரியரில் இருத்திக்கொண்டு சின்னம்மா புறப்படுவார். நீர்வேலி வாழைத்தோட்டங்களைத் தாண்டி, புத்தூர் தாண்டி, வல்லை வெளியைக் கடந்து உடுப்பிட்டி வரைக்கும். போகும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். சின்னம்மா பாட்டுப் பாடிக்கொண்டே மிதிப்பார். உடுப்பிட்டியில் ஒரு கடையில் எனக்கு ஐஸ்பழம் வாங்கித் தருவார். மலை களைக்கக்கூடாது என்பார். திரும்பும்போதுதான் உண்மையான ஏற்றம். மரமோ மதிலோ இல்லாத அந்த வெளியில் காற்று நேரே முகத்தில் வந்து அடிக்கும். சின்னம்மா இருக்கையை விட்டு எழும்பி நின்று மிதிப்பார். சைக்கிள் எறும்பு போல ஊரும். நான் பின்னால் ஐஸ்பழக் குச்சியைச் சூப்பிக்கொண்டு, என்னால்தான் இவ்வளவும் நடக்கிறது என்ற பெருமையில் இருப்பேன்.

ஒரு ஞாயிறு, காற்று வழமையைவிட மோசம். சின்னம்மாவின் முதுகு முழுக்க நனைந்து சட்டை ஒட்டியிருந்தது. மூச்சு விடுகிற சத்தம் காற்றையும் மீறிக் கேட்டது. எனக்குப் பாவமாகிவிட்டது. கொஞ்சத் தூரம் பக்கத்தில் ஓடி வந்துவிட்டுத் திரும்ப ஏறிக்கொள்ளலாம் என்று நினைத்து, சத்தம் போடாமல் கரியரிலிருந்து வழுக்கி இறங்கினேன். அந்த வேகத்தில் இறங்குவது படியிலிருந்து இறங்குவது போலத்தான்.

சைக்கிள் ஒரு துள்ளுத் துள்ளிப் பாய்ந்தது. நான் ஓடினேன், கூப்பிட்டேன். என் குரலைக் காற்று அள்ளி உடுப்பிட்டிப் பக்கம் கொண்டுபோனது. சின்னம்மா சின்னதாகி, புள்ளியாகி, இல்லாமல் போனார். மாடுகள் மேய்ந்துகொண்டிருந்த அந்த வெளியில் நான் மட்டும் நின்றேன். அழுகை வந்தது. ஒரு மாடு கிட்ட வந்து பார்த்ததில் அழுகை நின்றும் விட்டது.

லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வைக்கோல் ஏற்றி வந்த ஒருவர் என்னைக் கண்டு நிறுத்தினார்.

“ஆற்றை பிள்ளை? இதிலை என்ன செய்யிறாய்?”

“சின்னம்மா விட்டிட்டுப் போட்டா.”

“ஏன், என்ன குழப்படி செய்தனி?”

“பாரம் குறையட்டும் எண்டு இறங்கினனான்.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தூக்கி வைக்கோல்மேல் இருத்தினார். கொஞ்சத் தூரம் போவதற்குள் எதிரே சின்னம்மா வந்துகொண்டிருந்தார். இப்போது காற்று அவர் பக்கம். பறந்து வந்தார் என்றே சொல்லவேண்டும். முகத்தில் இரத்தமே இல்லை. என்னை வைக்கோல்மேல் கண்டதும் சைக்கிளை நடுவீதியில் போட்டுவிட்டு ஓடிவந்து, முதலில் கட்டிப்பிடித்தார். பிறகு தொடையில் ஒரு நுள்ளு.

“மலை நடுவழியிலை இறங்கி நிக்குமோடி?”

சைக்கிள் திடீரென்று இலேசானதும், இத்தனை நாள் பழக்கத்தில் தன் கால்களுக்குப் பலம் வந்துவிட்டது என்றுதான் அவர் நினைத்தாராம். அந்தச் சந்தோசத்தில் என்னோடு கதைத்துக்கொண்டே போயிருக்கிறார். “பாத்தியே குஞ்சு, பாத்தியே குஞ்சு” என்று கேட்டுப் பதில் வராததில்தான் திரும்பிப் பார்த்திருக்கிறார். இதைச் சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லான்ட்மாஸ்டர்காரரும் சிரித்தார். வீட்டில் சொல்வதில்லை என்று இரண்டு பேரும் முடிவெடுத்தோம். இரவுச் சாப்பாட்டுக்கு முதல் நானே சொல்லிவிட்டேன்.

ஆவணியில் சின்னம்மா அணியோடு பஸ்ஸில் போனார். மலையைக் கூட்டிப் போகவில்லை என்று நான் அழுதேன். இரண்டு மாதமாக முணுமுணுத்துக்கொண்டிருந்த அம்மா, புறப்படுவதற்கு முதல் நாள் முழுக்க அடுப்படியில் நின்று ஒரு பெரிய டின் நிறையப் பருத்தித்துறை வடை சுட்டுக் கொடுத்துவிட்டார்.

திரும்பி வந்த காலையில் நானும் அப்பாவும் சந்தியில் போய் நின்றோம். பஸ்ஸிலிருந்து முதலில் வெறும் வடை டின் இறங்கியது. பின்னால் சின்னம்மா. முழங்கையிலும் முழங்காலிலும் துணிக்கட்டு.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்த பிறகுதான் கதை வெளியில் வந்தது.

“ஏத்தம் எனக்கு ஒண்டுமே இல்லை, அத்தான். வல்லை வெளிக்குக் கிட்டவும் வராது. ஏறி முடியேக்கை நான் மூண்டாவது.”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பிறகு?” என்றார் அம்மா.

“பிறகு இறக்கம்.”

ஏறிய மலையில் இறங்கவும் வேண்டியிருக்கும் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. இறங்கிப் பழகுவதற்கு யாழ்ப்பாணத்தில் எங்கே போவது? சின்னம்மா பிறேக்கிலிருந்து கையை எடுக்காமல் இறுக்கிப் பிடித்தபடியே இறங்கியிருக்கிறார். விரல் விறைத்துப் போய், ஒரு வளைவில் பிறேக்கும் கைவிட, சைக்கிளோடு நேரே தேயிலைக்குள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் இழுத்து எடுத்து, தூசு தட்டி, திரும்பவும் ஏற்றிவிட்டார்களாம். முடிவிடத்துக்கு வரும்போது கொடிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்களாம்.

முதலில் சிரித்தது அம்மா. பிறகு சின்னம்மா. அப்பா மட்டும் சிரிக்காமல், “இருட்டுக்குள்ளை போனபடியால் இறக்கத்தை நான் கவனிக்கேல்லை” என்றார். அதோடு அவராலும் அடக்க முடியவில்லை.

மத்தியானம் கிணற்றடியில் சின்னம்மா காயத்தில் தண்ணீர் படாமல் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று, இறக்கத்தில் எத்தனை பேர் முந்தினார்கள் என்று கேட்டேன். ஆளாளாகப் பெயர் தெரிந்தால் நல்லது, கோபிக்க வசதி.

அவர் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

“இறங்கேக்கை இல்லையடி. அவையள் அதுக்கு முதலே முந்திப் போட்டினம். மேலை ஏறி முடிச்சதும் நான் சைக்கிளாலை இறங்கி நிண்டிட்டன்.”

“ஏன்? சைக்கிள் பழுதோ?”

“இல்லை. பாத்துக்கொண்டு நிண்டனான்.”

“என்னத்தை?”

“றோட்டை. நான் வந்த றோட்டு முழுக்கத் தெரிஞ்சுது. இனிப் போற றோட்டும் தெரிஞ்சுது. வளைஞ்சு வளைஞ்சு கீழை, முகிலுக்குள்ளை. பக்கத்திலை ஒருத்தரும் இல்லை.” ஈரக் கையால் என் கன்னத்தைத் தட்டினார். “கன நேரம் நிண்டிட்டன் போலை.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒரு றோட்டைப் பார்ப்பதற்கு அவ்வளவு தூரம் போகவேண்டுமா? றோட்டு எங்கள் வாசலிலும் இருக்கிறது. இதற்காகவா ஞாயிறு ஞாயிறாகக் கரியரில் இருந்து என் பின்பக்கம் கன்றிப் போனது?

பள்ளிக்கூடம் தொடங்கியதும் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கதை சொன்னேன். சின்னம்மா விழுந்ததை, தேயிலைக்குள் போனதை, கடைசி ஆளாக வந்ததை எல்லாம் கைகால் வைத்து, நடித்தும் காட்டினேன். அவர் மேலே நின்று பார்த்ததை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்துக்கு அதுதான் வெட்கக்கேடு என்று நினைத்திருந்தேன்.