கந்தப்போடி கேட்காத கேள்விகள்

கிரான் ஊரில் கந்தப்போடிக்கு இருந்தது ஒரு துண்டு வயலும் ஒரு மாட்டுவண்டியும்தான். பெயரில் போடி இருந்ததே தவிர, நிலபுலக்காரர் அல்ல. எழுதப் படிக்கத் தெரிந்தவர், யாரோடும் பகையில்லாதவர் என்பதால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் அரசாங்கக் கச்சேரி அவரை அந்தப் பகுதிக்கு மரண விசாரணைக்காரராக நியமித்தது. பாம்பு கடித்தவர், கிணற்றில் விழுந்தவர், யானை மிதித்தவர் என்று திடீரென்று செத்த எவரையும் அவர் பார்த்துக் காரணம் எழுதிய பிறகுதான் அடக்கம் செய்யலாம். வேலை முடிந்து வந்தால், கிணற்றடியில் குளிக்காமல் மனைவி அன்னப்பூரணி வீட்டுக்குள் விடமாட்டாள். பிரேதங்களைக் கண்டு அவர் பயந்ததில்லை.

ஒரு சிறுபோக வேளாண்மைக் காலத்தில், மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாய் வீசிக்கொண்டிருந்த நாட்களில், கடைசி வயல்காரன் சீனித்தம்பியின் உடல் வாவியில் கிடைத்தது. வயல்வட்டையின் தண்ணீர் வடிந்து வாவியில் விழும் இடத்தில், கண்டல் வேர்களுக்குள் செருகிக் கிடந்ததை மீன்பிடிக்கப் போனவர்கள் கண்டார்கள். பின்மண்டை பிளந்திருந்தது.

சீனித்தம்பிக்கும் குளத்துத் தண்ணீரைப் பங்கிட்டு விடும் ஓவசியர் வினாயகமூர்த்திக்கும் தண்ணீர்த் தகராறு இருந்தது ஊருக்கே தெரியும். கடைசி வயல்களுக்குத் தண்ணீர் விடாமல் ஓவசியர் மதகை அடைத்துவிட்டார் என்று சீனித்தம்பி சண்டை பிடித்திருந்தான். ஆனாலும் கேட்டவர்களுக்கெல்லாம், மதகில் வழுக்கி விழுந்திருப்பான் என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. பட்டணத்திலிருந்து வந்த பொலிஸ்காரர் கந்தப்போடியைத் தனியே கூப்பிட்டு, ஓவசியர் அரசாங்க உத்தியோகத்தர், மேலிடத்து அனுமதி இல்லாமல் அவர்மேல் வழக்கு வைக்க முடியாது, பேசாமல் விழுந்து செத்தான் என்று எழுதிவிடுங்கள் என்றார்.

கந்தப்போடி எழுதும் தாளை எடுத்தார்.

“வழக்கு வைக்க எனக்கு அதிகாரம் இல்லதான். மனிசன் எப்படிச் செத்தான் எண்டு கேக்க இரிக்கு. அதுக்கு ஆரையும் கூப்பிடலாம். ஓவசியரக் கூட்டி வாங்க.”

வாவிக்கரை மருத மரத்தின் கீழே உடலைப் பாயால் மூடிக் கிடத்தியிருந்தார்கள். கால்மாட்டில் சீனித்தம்பியின் மனைவி சீதேவிப்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள். ஊர் ஆட்கள் தள்ளி நின்றார்கள். வினாயகமூர்த்தி சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு வந்து நின்றார். அவருடைய வெள்ளைக் கோட்டில் ஒரு கறையும் இல்லை.

அவர் வந்து நின்றதும் காற்று விழுந்தது. காலையிலிருந்து இரைந்துகொண்டிருந்த கச்சான் அடங்கியதை எல்லோரும் கவனித்தார்கள். வாவித் தண்ணீர் எண்ணெய்போல் அசையாமல் கிடந்தது.

கந்தப்போடி பெயரைக் கேட்டார், உத்தியோகத்தைக் கேட்டார். ஓவசியர் சொன்னார். அதை எழுதி முடித்துப் பேனையை மைக்கூட்டில் தொட்டபோது ஓவசியர் மறுபடி பேசினார்.

“இல்ல, விடிஞ்ச பிறகு.”

கந்தப்போடி நிமிர்ந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. ஓவசியர் அவரைப் பார்க்கவும் இல்லை. பாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவர் ஒரு கேள்வி கேட்டு முடிக்கும் அளவுக்கு அமைதி. பிறகு, “மண்வெட்டிப் பிடியால” என்றார். மறுபடி அமைதி. “ஒருக்காத்தான்.”

கந்தப்போடியின் கை தானாக எழுதிக்கொண்டிருந்தது.

ஓவசியர் தலையைச் சற்றுச் சாய்த்து, காது கேளாதவர் உற்றுக் கேட்பதுபோல் நின்றார். “ஓம், மூச்சு இருந்தது. தெரிஞ்சுதான் வாய்க்காலுக்குள்ள தள்ளினன்.”

சீதேவிப்பிள்ளை எழுந்தாள். அவள் குரலில் கோபமே இல்லை.

“அவர்ட குரலா உங்களுக்குக் கேக்குது?”

“ஓம்” என்றார் ஓவசியர். அப்போதுதான் அவளைப் பார்த்தார். பார்த்ததும் முகம் வெளிறி, நான் என்ன சொன்னேன் என்று பொலிஸ்காரரிடம் கேட்டார்.

அன்று இரண்டு விவசாயிகள் கந்தப்போடியிடம் வந்து, மதகடியில் நடந்ததைத் தூரத்தில் நின்று பார்த்ததாகச் சொன்னார்கள். உத்தியோகத்தரை எதிர்த்துச் சொல்லப் பயந்திருந்தார்களாம். மேலிடத்து அனுமதி வர மாதக்கணக்கானது. ஆனாலும் வந்தது. நீதிமன்றத்தில் ஓவசியரின் வக்கீல், மிரட்டி வாங்கிய வாக்குமூலம் என்று வாதாடினார். விடைகள் மட்டும் இருக்கின்றன, நீர் கேட்ட கேள்விகள் எங்கே என்று நீதவான் கந்தப்போடியிடம் விசாரித்தார். நான் கேட்கவில்லை என்றார் அவர். நீதவான் அதற்கு மேல் விசாரிக்காமல், அந்தத் தாளை ஒதுக்கிவைத்துவிட்டு, கண்ட சாட்சிகளை வைத்தே வழக்கை மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே வினாயகமூர்த்திக்குப் பதினான்கு வருடம் மறியல் தண்டனை கிடைத்தது.

கந்தப்போடி பிறகும் சில வருடம் அந்த வேலையைப் பார்த்தார். ஆனால் ஆள் மாறிவிட்டார். பிரேதத்துக்கு முன்னால் சாட்சி விசாரிக்கும்போது மூச்சு விடாமல் கேள்விமேல் கேள்வி கேட்பார். எழுதும்போதும் வாய் ஓயாது. சாட்சிகளுக்கு அது தொந்தரவாக இருந்தது. போடியாருக்கு என்ன அவசரம் என்று சிரித்தார்கள். அன்னப்பூரணி ஒரு நாள் நேரடியாகவே கேட்டாள்.

“நான் ஒள்ளம் நேரம் சும்மா இருந்தா, அங்கால கிடக்கிற ஆரும் கேக்கத் தொடங்கிருவாங்க” என்றார்.

உலக யுத்தம் முடிந்த வருடம் கச்சேரிக்குப் போய் வேலையை விட்டுவிட்டு வந்தார். வரும் வழியில் வண்டிமாட்டுக்கு ஒரு புதுக் கயிறு வாங்கினார். அடுத்த நாள் வயலில் வரப்புக் கட்டப் போனார்.