வாயில் ஒரு கிராம்பு

பெஞ்சுகளை வட்டவட்டமாகத் திருப்பிப் போட்டதும் சுல்ஃபத் டீச்சர் ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார். பேசாமலிருக்க அவர் கண்ட வழி அது.

"இது வாயில இருக்கிற வரைக்கும் நான் ஒண்ணும் பறைய மாட்டேன். நிங்களே ஆலோசிச்சு தீர்மானிங்க. மனசிலாச்சா?"

கிராம்பு, கொச்சி ஜூ டவுன் மசாலாக் கிடங்கில் வேலை பார்க்கும் கணவர் அலாவுதீன் கொண்டுவருவது. "ஸ்கூல்ல பிரியாணியா வைக்கிறே?" என்று அவர் கேட்கிறார். அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகிறது.

மட்டாஞ்சேரியில், தமிழ் கற்பிக்கப்போகும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருபவர் இவர். தானாகக் கற்றவர்தான் பிள்ளைகளையும் தானாகக் கற்கவிடுவார் என்பது இவர் நம்பிக்கை. நம்பிக்கைக்கும் நாக்குக்கும்தான் ஒத்துப்போவதில்லை. பயிற்சிக்கு வந்திருக்கும் ஜிதின் அட்டையில் 'பளம்' என்று எழுதினால் போதும், கிராம்பு நறுக்கென்று கடிபடும். "ழ! ழ!" என்று கத்திவிடுவார். குழுவின் ஆலோசனை அத்தோடு நின்றுபோகும். எல்லோரும் பேனாவைத் திறந்துகொண்டு டீச்சர் வாயையே பார்ப்பார்கள்.

போன வாரம் ஒரு அதிகாரி வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. மாதிரிப் பாடத்தைக் குழுக்களே தயாரிக்க வேண்டும். டீச்சர் குழுவுக்குக் குழு எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதுவரை வகுப்பில் வாயே திறக்காத, சுள்ளிக்கல்லிலிருந்து வரும் ரஜிதா எழுந்தாள்.

"டீச்சரே, நாங்க ஆலோசிச்சோம். டீச்சரும் ஒரு குரூப்பில இரிக்கணும். லீடர் சொன்னாத்தான் பேசணும்."

"ஆரு லீடர்?"

"நான்தான்."

டீச்சரின் முகம் சுருங்கியது. பிறகு மெல்ல மலர்ந்தது. போய் உட்கார்ந்தார். மீன் படங்களை வெட்டும் வேலை கொடுத்தார்கள். எதிரிலேயே ஜிதின் 'மீண்' என்று எழுதினான். டீச்சர் நெளிந்தார், கத்தரி ஒரு மத்தி மீனின் வாலைத் துண்டித்தது.

"இது ரெண்டு சுழியா, மூணு சுழியா?" என்றாள் குழுவிலிருந்த அன்ஸியா. சண்டை வந்தது. அகராதி வந்தது. ஜிதின் தானே அடித்துத் திருத்தினான்.

அந்தச் சந்தடியில் வாசலில் வந்து நின்ற அதிகாரியை யாரும் கவனிக்கவில்லை. "இவிடெ டீச்சர் ஆரு?" என்றார் அவர்.

ரஜிதா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "சேட்டா, ஒச்சை வைக்காதீங்க, மெல்லப் பறையுங்க. ஒரு கசேரை போட்டு இரிங்க."

அதிகாரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. "அல்ல, இந்த கிளாசுக்கு டீச்சரே இல்லையா?"

எல்லோரும் டீச்சர் பக்கம் திரும்பினார்கள். சுல்ஃபத் டீச்சர் வாயைத் திறந்தார். மூடினார். ரஜிதாவைப் பார்த்து, பேச அனுமதி கேட்கும் பிள்ளைபோல ஆள்காட்டி விரலை மெல்ல உயர்த்தினார்.