முட்டை அட்டை ஒட்டிய ரூம்

கதவைத் திறந்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. கொல்லிமலைக்கு மேலே, ஆலத்தூர் நாட்டில் எங்கள் மிளகுத் தோட்டத்துக்குள், அப்பா எனக்கென்று கட்டிய ரூம் அது. பாட்டு வெளியே போகுமுன் கடைசியாக உட்கார்ந்து கேட்டுச் சரிசெய்கிற மாஸ்டரிங்தான் என் தொழில். லாரிச் சத்தம் இல்லாத இடம் வேண்டுமென்று சென்னையில் வாடகைக்கு இருந்த இடத்தைக் காலிசெய்துவிட்டு வந்திருந்தேன். இங்கே பார்த்தால் நான்கு சுவரிலும் கூரையிலும் முட்டை அட்டை. புதுசு கூட இல்லை. அடிவாரத்தில் இருக்கும் அப்பாவின் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கித் தேய்ந்த பழைய அட்டை.

காய்ந்த மஞ்சள் கரு, எச்சம், ஒட்டிக்கிடந்த இறகு. மலைப்பனியில் நமுத்துப்போய் ஓரமெல்லாம் பூஞ்சை. தெரியாமல் கையை வைத்துவிட்டேன், கோழிப்பேன் மணிக்கட்டு வரை ஊர்ந்து வந்தது. ச்சீ!

“ஏனுங்கப்பா, போயும் போயும் பழசையா ஒட்டுனீங்க?”

“புதுசு வெறப்பா இருக்கும் கண்ணு. பழசுதான் ஊறி மெத்துனு இருக்கும், சத்தத்தைக் குடிச்சுப்போடும்” என்றார். காலமெல்லாம் பண்ணையில் நின்றவருக்கு அந்த நாற்றம் மூக்கில் ஏறவே இல்லை. “கையைத் தட்டிப் பாரு. எதிரொலி வருதா?”

வரவில்லை. அதுதான் ஏமாற்று.

துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு, நான் உட்காரும் இடத்தில் காது உயரத்துக்கு மைக்கை நிறுத்தி அளந்தேன். ஸ்பீக்கர் அடித்தொண்டை உறுமலில் தொடங்கி விசில் வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தது. லேப்டாப்பில் விழுந்த கோட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. விசில் மாதிரி மேல் சத்தத்தை அட்டை விழுங்கிவிட்டது, பேஸ் என்கிற உறுமல் சத்தத்தைத் தொடவே இல்லை. போதாக்குறைக்கு வாஸ்து பார்த்து ரூமைச் சரிசதுரமாகக் கட்டியிருந்தார். நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் ஒரே பேஸ் இரண்டு பக்கமும் சேர்ந்து குமுறும். ஸ்பீக்கர் நின்ற பிறகும் உறுமல் நின்றபாடில்லை. இங்கே உட்கார்ந்தால் பேஸ் அதிகம் என்று நினைத்துக் குறைத்துத் தொலைப்பேன். வெளியே தவில் தகர டப்பாவாகக் கேட்கும்.

“மிஷின்ல கோளாறா இருக்கும்” என்றார் அப்பா.

பிய்த்தெறிய நேரமில்லை. சினிமா இசையமைப்பாளர் ஒருவர் ரூமைப் பார்க்க மலை ஏறிக்கொண்டிருந்தார். பிடித்துவிட்டால் அடுத்த படத்துப் பாட்டெல்லாம் எனக்கு. இல்லையென்றால் இங்கே எனக்கு வேலையே கிடையாது.

வளைவுகளில் தலைசுற்றி, எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்காமலே அவர் காரிலிருந்து இறங்கினார். அதனால் நாற்றம் தெரியவில்லை. அவர் பாட்டையே போட்டேன். கண்ணை மூடிக்கொண்டார்.

“அடடா! என்னம்மா பேஸு, நெஞ்சுல வந்து அடிக்குது! என் ஸ்டுடியோல இப்படி வரவே மாட்டேங்குது. இங்கயே முடிச்சிடலாம்.”

அப்பா என்னைப் பார்த்து மீசைக்குள் சிரித்தார். ஒரு ‘சரிங்க சார்’ போதும், வாய்வரைக்கும் வந்துவிட்டது. தெரிந்தே ஒருவர் பாட்டைக் கெடுத்து அதில் என் பேரைப் போட்டுக்கொள்வதா? தூ!

“சார், இது உங்க பாட்டுல இருக்கற பேஸ் இல்லீங்க. இந்த ரூம் சேத்துப் போடறது. இதை நம்பி வேலை செஞ்சா தியேட்டர்ல பாட்டு செத்துப்போயிருமுங்க” என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் அதைப் பார்க்கவே இல்லை. முகம் சுருங்கிவிட்டது. “நல்லா கேக்கறதைப் போய் நல்லா இல்லன்னு சொல்றியேம்மா. உன் காது மேல எனக்கு நம்பிக்கை வரல.” அப்புறம் அப்பா பக்கம் திரும்பினார். “ஐயா, சென்னைல என் ரூமுக்கும் இதே மாதிரி செஞ்சு தருவீங்களா? புதுசு வேணாம், இந்தப் பழசேதான் வேணும்.”

“அதுக்கென்னங்க, நானே வந்து ஒட்டித் தாரேனுங்க!”

அட கருமமே. மிச்சமிருந்த அட்டையைக் கட்டுக் கட்டாகத் தூக்கிப்போய் அவர் கார் டிக்கியில் அப்பா அடுக்கினார். அந்த மனிதர் கூடவே நின்று, ஒன்றுகூட நசுங்கிவிடாமல் பார்த்துக்கொண்டார்.

கார் போனதும் அப்பா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

“நீயும் கூட மெட்ராசுக்கு வா கண்ணு. சும்மாதான இருக்கற, அட்டை ஒட்ட ஒரு ஆளு வேணும்.”