கிடந்த கோலம்

திருநீர்மலைப் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு கோலங்களில் காட்சி தருகிறார். மலையடிவாரச் சாலையில் வாழ்ந்த கிளியம்மாளுக்கு அவற்றுள் இரண்டே வாய்த்திருந்தன. அவளால் நிற்க முடிந்தது, நடக்க முடிந்தது. விளக்கு வைத்த பிறகு அவளால் உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது.

வலி என்று சொல்ல ஒன்றுமில்லை. "கெண்டைக்கால் உள்ள எறும்பு ஊர்ற மாரி கீது. அசைச்சா போவுது. நிறுத்துனா மறுபடி வர்து" என்பாள். துண்டால் முழங்காலுக்குக் கீழ் இறுகக் கட்டிப் பார்த்தாள். குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டாள். கோயிலில் மாலைக் கதை கேட்கப் போனால், எல்லோரும் அமர்ந்திருக்க இவள் மட்டும் தூணருகே கால் மாற்றி நின்றுகொண்டிருப்பாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் ஆண்டில் அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. மாதந்தோறும் உதிரம் மிகுதியாய்ப் போயிற்று. அதை அவள் எவரிடமும் சொன்னதில்லை.

கணவன் சம்பத் பல்லாவரத்தில் காய்கறிக் கடை வைத்திருந்தான். சரக்கு எடுக்க விடியுமுன் எழுந்து கொத்தவால்சாவடிச் சந்தைக்குப் போகவேண்டியவன். வீட்டில் இருந்ததோ ஓர் அறை. கண்ணயர்ந்தால் அவள் கால்கள் தாமே உதைத்தன. விழித்தால் அவள் நடந்துகொண்டே இருந்தாள். உறக்கம் கெட்ட சம்பத் கடையில் தராசைப் பார்த்தபடியே தூங்கி விழுந்தான்.

அவன் தங்கை சாமுண்டீஸ்வரி ஒருநாள் வந்து, அண்ணி காதில் விழும்படியே சொன்னாள்: "பொம்பளைக்கு ராவுல காலு நிக்கலன்னா அது நோவு இல்லண்ணா. மேல எதுவோ ஏறிகினு கீது. மணிமங்கலத்துக்கு அவங்க அண்ணன் வூட்டுக்கு அனுப்பிடு. நீயாவது உசுரோட இரு."

"தை பொறக்கட்டும், பாக்கலாம்" என்றான் சம்பத்.

அன்று முதல் கிளியம்மாளின் வேண்டுதல் ஒன்றே: தை மாதத்துக்குப் பிறகும் இந்த வீட்டில் இருக்கவேண்டும்.

நெற்றியில் நாமம் இல்லாமல் சம்பத் கடை திறந்ததில்லை. சனிக்கிழமைதோறும் அடிவாரக் கடையில் அவனுக்கு வெள்ளை மண்ணாலான நாமக்கட்டி வாங்கி வருபவள் அவள்தான். என்றோ ஒருநாள் விரலில் ஒட்டியதை நாவில் வைத்தாள். முதல் மழை விழுந்த மண்ணின் மணம் வாயெல்லாம் நிறைந்தது. பிறகு அது இல்லாமல் சோறு இறங்கவில்லை. உண்டு முடித்ததும் பிறர் பாக்குப் போடுவது போல ஒரு துண்டு கடித்துக்கொண்டாள். நாமம் என்பது பெருமாளின் திருவடி. தலையால் தாங்கவேண்டியதைப் பல்லால் கடிக்கிறோமே என்று ஒவ்வொரு முறையும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனாலும் கை நாமக்கட்டி வைத்திருந்த மாடத்துக்கே போயிற்று.

"நாமக்கட்டி துன்ற எலிய இந்த வூட்லதான் பாக்குறேன்" என்று சம்பத் சிரித்தான். "வைணவ எலி போல கீது. சாகச் சொல்லோ மோட்சத்துக்குத்தான் போவும்." அவள் சிரிக்கவில்லை.

தெருவோர மருத்துவர் ஒருவர் தூக்க மாத்திரை கொடுத்தார். கண் செருகியது, கால்கள் முன்னிலும் துள்ளின. கடைசியில் அடுத்த வீட்டுச் செவிலி அருள்மேரி, தான் வேலை செய்த மருத்துவமனைக்குக் கணவன் மனைவி இருவரையும் அழைத்துப் போனாள். அங்கிருந்த பெண் மருத்துவர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, "இரும்புச் சத்து ரொம்பக் குறைவு. கால் தொல்லைக்கு அதுவே காரணமா இருக்கலாம்" என்றார். பிறகு கேட்டார்: "சாம்பல், பச்சரிசி, மண்ணு, ஏதாவது சாப்பிடறீங்களாம்மா? வெக்கப்படாம சொல்லுங்க."

சம்பத் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

"அதெல்லாம் இல்லம்மா" என்றாள்.

இரும்பு மாத்திரை வந்தது. சோற்றுக்குப் பின் மாத்திரை, அதன் பின் நாமக்கட்டி, அதன் மேல் தேநீர். கார்த்திகை போயிற்று, மார்கழியும் வந்தது, கால்கள் அடங்கவில்லை. "மருந்துக்கும் கேக்கல. அப்போ சாமுண்டி சொன்னது சரிதான்" என்று சம்பத் முடிவுகட்டினான்.

சம்பத் அனுப்பிய ஆள் மணிமங்கலத்துக்குப் போய்வந்த அன்று, கிளியம்மாள் துணி உலர்த்தும் கொடியருகே அருள்மேரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"ஐயோ அக்கா! மாத்திரைல கீற சத்த உடம்புல சேரவிடாம அந்த மண்ணே புடிச்சிக்குமே. டீயும் அப்படித்தான். ரெண்டையும் விட்டீங்கன்னா கொஞ்சம் கொஞ்சமா சரியாவும். மண்ணு கேக்கறதும் ரத்தம் இல்லாததாலதான்." அருள்மேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணங்கிட்ட சொல்லிடுங்க. நோவுன்னு தெரிஞ்சா எதுக்கு அனுப்பப் போறாரு?"

மறுநாள் காலை சம்பத் உள்ளங்கையில் நாமத்தைக் குழைத்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள். அவன் விரல் நெற்றிக்குப் போகும் வழியில் நின்றது.

"பெருமாள் பாதத்தையா துன்ன?"

"நோவுதான்யா துன்ன வெச்சுது. அருள்மேரிய வேணா கேளு."

அவன் கையைக் கழுவினான். குரல் உயரவில்லை. "எலின்னு நெனச்சுகினு இருந்தேன்" என்று மட்டும் சொன்னான். அன்று நாமம் இல்லாத நெற்றியோடு கடைக்குப் போனான். பேய் பிடித்தவள் என்றிருந்தால் அவனுக்கு இரக்கமாவது மிஞ்சியிருக்கும். தை பிறக்கும்வரைகூட அவன் காத்திருக்கவில்லை.

மணிமங்கலத்தில் அண்ணன் குப்புராஜ் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையை ஒழித்துக் கொடுத்தான். அவள் மண்ணை விட்டாள், தேநீரை விட்டாள், எலுமிச்சைச் சாற்றோடு மாத்திரையை விழுங்கினாள். சித்திரை வாக்கில் எறும்புகள் ஒவ்வொன்றாய் இறங்கிப் போயின. ஆடியில் அருள்மேரி பார்க்க வந்தபோது, பகல் வேளையில் கிளியம்மாள் பாயில் கால் நீட்டி அசையாமல் படுத்திருந்தாள்.

"இப்போ தூங்கறீங்களாக்கா?"

"தூங்காம இன்னா. காலு செத்த மாரி கெடக்குது." எழுந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: "சனிக்கெழம அவருக்கு நாமக்கட்டி யாரு வாங்கியாந்து தர்றது?"

போன சனிக்கிழமை அடிவாரக் கடையில் நாமக்கட்டிக்குப் பேரம் பேசிய ஒரு புதுப்பெண்ணைச் சாமுண்டீஸ்வரி 'அண்ணி' என்று அழைத்ததை அருள்மேரி பார்த்திருந்தாள், அதை அவள் சொல்லவில்லை. பையிலிருந்து மாத்திரைகளை எடுத்துப் பாயின் ஓரத்தில் வைத்தாள்.