ஏழாம் ப்ளாக்கின் கலவைக்காரி

ஏழாம் ப்ளாக்கில் அவளுக்குக் கலவைக்காரி என்றே பெயர். குடிசைகளை எடுத்துவிட்டு அந்த நாலு மாடிக் கட்டடத்தை எழுப்பியபோது, சித்தாளாக நின்று சிமெண்டும் மணலும் கலந்தவள். குடிசைக்காரர்களுக்கு வீடு ஒதுக்கிய குலுக்கலில் மூன்றாம் மாடி வீடு அவளுக்கே விழுந்தது. கொத்தனாரான அவள் கணவர், "நாம பூசுன சுவத்துக்குள்ளயே குடிவந்துட்டோம் பாத்தியா," என்று அன்றெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு அறை, ஒரு சமையலறை, மாடிக்கு ஒரு குழாய். காலையில் குழாயடியில் குடுமிப்பிடிச் சண்டை போட்டவர்கள் சாயங்காலம் ஒருத்தி தலையை ஒருத்தி பின்னிவிடுவார்கள். எதிர்வீட்டுத் தையல்காரரின் மிஷின் ஓடினால்தான் அவள் மகள் தூங்குவாள். நின்றால் வீல் என்று அலறுவாள். கணவர் இறந்த பிறகு அவளைத் தனியாகச் சாப்பிட அந்த மாடி விட்டதே இல்லை.

நாற்பது வருடம் கழித்து ஒரு இஞ்சினீயர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். கட்டடத்தில் பலமில்லை, இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்றார். ப்ளாக்கே கொதித்தது.

"நம்மள வெரட்டத்தான் இந்தக் கதை," என்றார் தையல்காரர். "அக்கா, நீங்க கலந்ததுதானே. நல்லாத்தான் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் படிக்கட்டைக் காட்டினாள்.

"மேஸ்திரி, படிக்கட்டு கலவைக்கு சிமெண்டு மூட்டைக்கு நாலு சட்டி மணல் கூடப் போடச் சொன்னாரு. போட்டேன். வாயத் தொறந்திருந்தா வேலை போயிருக்கும்."

"இத்தன வருஷமா சொல்லலையே, அக்கா."

"சொன்னா எங்க போறது தம்பி? வேற எடம் இருந்துச்சா?"

தையல்காரர் இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. அவளோ தினமும் வீட்டுவசதி அலுவலகத்துக்கு நடந்தாள். புதுக் கட்டடத்திலும் இதே ஆட்கள், ஒரே மாடி, அதுவும் எழுத்தில் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதிகாரி அலுத்துப்போய்க் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வருடம் ஆளுக்கொரு மூலையில் வாடகைக்கு இருந்துவிட்டு, புதுக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடிக்கு வந்தார்கள். பழைய மாடியின் பன்னிரண்டு குடும்பத்தில் எட்டுதான் திரும்பியது. வசதிக்குக் குறைவில்லை, வீட்டுக்கு வீடு குழாய். ஆனால் கதவுகள் மூடியே கிடக்க, யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று தெரியாமல் அவளுக்குப் பொழுதே போகவில்லை.

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது தையல்காரர் பழைய பேச்சை எடுப்பார். "என்ன இருந்தாலும் அக்கா, அந்தக் கட்டடம் இரும்பு மாதிரி."

"ஆமா தம்பி," என்பாள் அவள், நாலு சட்டி மணலை மறந்தவள் போல.