ஏழாம் நம்பர் சீட்டு

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. பனியன் அச்சடிக்கும் பட்டறையில் பத்தொன்பது வருஷமாக ஏழாவது மேசையில் நிற்கிறாள் என்பதால் ஏழாம் நம்பர் ஆனாள். வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் அக்காவை ஒட்டவைக்க, ஏழக்கா என்பதே நிலைத்துவிட்டது. முதலாளியிலிருந்து லாரிக்காரர் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

வேலை பிழை பார்ப்பது. அச்சு காய்ந்து வரும் பனியனை மேசையில் விரித்து, எழுத்து கோணியிருக்கிறதா, மை திட்டாக விழுந்திருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, நாலாக மடித்து, உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டோடு போட வேண்டும். சீட்டில் ரப்பர் ஸ்டாம்பு குத்துவாள். மேலே மேசை நம்பர், கீழே தேதி. பின்னால் ஏதாவது குறை என்று திரும்பி வந்தால் யார் கண்ணில் தப்பியது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. ஏழாம் நம்பர் சீட்டோடு திரும்பி வந்தவை பத்தொன்பது வருஷத்தில் இரண்டு கைவிரலுக்குள் அடங்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

வீடு என்றால் மாடியில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சலவைக்கடையின் பின்சுவர். கல்யாணம் ஏன் நடக்கவில்லை என்று கேட்கிற வயதைத் தாண்டிவிட்டாள், கேட்க ஆளும் இல்லை. வெளியூரில் இருக்கும் அண்ணன் வருஷத்துக்கு இரண்டு தடவை போன் செய்வார். இரண்டு தடவையும் "உடம்பைப் பாத்துக்கோம்மா" என்று சொல்லி வைத்துவிடுவார். மேற்கொண்டு என்ன கேட்பது என்று அவருக்கும் தெரியாது, பாவம்.

இப்படிப்பட்டவள் ஒரு பாடகியின் ரசிகை ஆனது தற்செயல். பட்டறை ரேடியோவில் அந்தக் குரலைக் கேட்டாள். கொஞ்சம் கரகரப்பு, சளி பிடித்தவள் பிடிவாதமாகப் பாடுகிற மாதிரி. பாடகிக்கு ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் மின்னல். போனில் அவள் பாட்டைத் தேடப்போய், கீழே யாரோ போட்டிருந்த இணைப்பைக் கை தவறித் தொட்டு, 'மின்னல் படை' என்ற ரசிகர் குழுவுக்குள் போய் விழுந்தாள். முந்நூறு பேர். எழுந்து வெளியே வரத் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

தன் முகத்தைப் போட வெட்கம். ஒரு நீலக் குடையின் படத்தைப் போட்டாள். அதனால் அங்கே அவள் பெயர் நீலக்குடை. குழுவை நடத்தியவர் ஒரு பல் டாக்டர். பல் பிடுங்கிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் மின்னலுக்காகச் சண்டை போடுகிறவர். நீலக்குடை எதை எழுதினாலும் யாரும் சீந்த மாட்டார்கள். பதில் போட்டது ஒரே ஒருத்திதான். ஊரின் மறுகோடியில் பேக்கரி நடத்தும் அம்மாள், குழுவில் பேக்கரியம்மா.

பேக்கரியம்மா தனியாகவும் எழுத ஆரம்பித்தாள். கடையில் நடக்கும் கூத்து, மருமகளின் அலட்டல், முழங்கால் வலி, எல்லாம் வரும். இரண்டு தடவை போனிலும் பேசினார்கள். "அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வாயேன். கடையைப் பாரு. சுடச்சுட ரொட்டி எடுத்துத் தரேன், உக்காந்து பேசலாம்" என்றாள். வா என்று ஒருவர் அழைத்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று ஏழக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அந்த வாரமே புதுச் செருப்பு ஒன்று வாங்கினாள்.

ஆனால் தான் எங்கே வேலை பார்க்கிறாள் என்று மட்டும் அவளிடமும் சொல்லவில்லை. 'கம்பெனி' என்று பொதுவாகச் சொல்லிவைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பட்டறைக்கு அந்த ஆர்டர் வந்தது. அது முடியும்வரை என்று சூப்பர்வைசர் எல்லோருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் பூட்டினார். "இது வெளிய தெரியக்கூடாது. சீட்டுல நம்பர் மட்டும் குத்துங்க, தேதி வேண்டாம்" என்றார். கறுப்புப் பனியன்கள் வந்து குவிந்தன. நெஞ்சில் மின்னலின் அடையாளமான மஞ்சள் கோடு, அதன் கீழே 'என் தொண்டை என் இஷ்டம்' என்ற வாசகம். ஏழக்கா உள்ளுக்குள் குதித்தாள். புதுப் பாட்டின் வரியாக இருக்கும், குழுவில் யாருக்கும் தெரியாதது தனக்குத் தெரியும் என்று அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். எதிர்ப்பக்க மேசைகளில் வெள்ளைப் பனியன்கள் ஓடிக்கொண்டிருந்தன. தொப்பி போட்டுக்கொண்டு பாடும் இன்னொரு பாடகனுக்கானவை. அதில் 'மெஷின் பாடுது' என்று இருந்தது. அதையும் பாட்டு என்றே நினைத்தாள்.

முதல் நாள் ஒழுங்காக ஸ்டாம்பின் தேதிச் சக்கரத்தை வெற்றிடத்துக்குத் திருப்பி வைத்துவிட்டுத்தான் குத்தினாள். இரண்டாம் நாள் காலை வந்ததும், பத்தொன்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போய்ச் சக்கரத்தை அன்றைய தேதிக்குத் திருப்பிவிட்டது. பத்து மணி தேநீருக்குப் பிறகுதான் பார்த்தாள். அதற்குள் இரண்டு பெட்டி ஒட்டி, லாரியில் ஏற்றியாகிவிட்டது. சூப்பர்வைசரிடம் சொன்னால் எல்லாவற்றையும் இறக்கிப் பிரிக்கச் சொல்வார். துண்டுச் சீட்டை யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

பன்னிரண்டு நாள் கழித்துத் தொப்பிக்காரன் ஒரு பேட்டியில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அவ எங்க பாடறா? மெஷின் பாடுது."

குழு பற்றியெரிந்தது. மறுநாள் மாலை நேரலையில் மின்னல் வந்தாள். பேசும்போதே குரல் உடைந்தது, கண்ணீர் வழிந்தது. கழுத்திலிருந்த மைக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "என் தொண்டை என் இஷ்டம்!" என்று கத்திவிட்டு எழுந்து போனாள்.

தட்டில் சோற்றோடு ஏழக்கா அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த வாசகத்தை அவள் ஆயிரத்துக்கு மேல் தடவை படித்துவிட்டாள். ஒவ்வொரு எழுத்துக்கும் மை சரியாக இருக்கிறதா என்று பார்த்தவள் அவள். எழுந்து கை கழுவினாள். சோறு அப்படியே இருந்தது.

அரை மணியில் பனியன் விற்பனை தொடங்கிவிட்டது. குழுவில் ஆளாளுக்கு வாங்கினார்கள். பேக்கரியம்மாவும் ஒன்று வாங்கினாள், ஆனால் வாயை அடக்கவில்லை. "ஒரு கேக்குக்கே முதல் நாள் எல்லாம் எடுத்து வெக்கணும். இப்ப அழுதா, அதுக்குள்ள சட்டை எப்படிங்க வந்துச்சு?" என்று எழுதினாள். மின்னலின் ஆட்கள் சுறுசுறுப்பானவர்கள் என்று பல் டாக்டர் பதில் போட்டார். அதுவரை எல்லாம் கேலியாகவே போயிற்று.

நாலாம் நாள் பேக்கரியம்மா ஒரு படம் போட்டாள். உறைக்குள்ளிருந்த துண்டுச் சீட்டு. மேலே 7, கீழே தேதி. "பாருங்க. சண்டைக்குப் பன்னெண்டு நாள் முன்னாடியே பனியன் ரெடி. நாம இங்க தூக்கம் கெட்டுச் சண்டை போடறோம், அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து நம்மளை முட்டாளாக்கியிருக்காங்க."

குழு அவள்மேல் பாய்ந்தது. சீட்டு போலி, அவள் தொப்பிக்காரனின் கையாள், வயதான காலத்தில் இதெல்லாம் தேவையா என்று ஆளுக்கொரு கல் எறிந்தார்கள். இன்னொரு கூட்டம் சீட்டு நிஜம்தான், ஆனால் அந்த ஏழாம் நம்பர் வேண்டுமென்றே தப்பான தேதி போட்ட துரோகி என்றது. நாசமாய்ப் போக என்றார் ஒருவர். தேதி குத்திய கையை ஒடிக்க வேண்டும் என்றார் இன்னொருவர். காலையில் பூப்படத்தோடு எல்லோருக்கும் வணக்கம் சொல்கிற மனிதர் அவர். ஏழக்கா தன் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தாள்.

பேக்கரியம்மாவிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது: "நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன். உனக்கு என்ன தோணுது?"

அந்தச் சீட்டு என்னோடதுதான் என்று எழுதினாள். அழித்தாள். வேலை போய்விடும். குழுவும் போய்விடும். மறுபடி எழுதி மறுபடி அழித்து, கடைசியில் "எனக்கு ஒண்ணும் புரியலைங்க" என்று அனுப்பினாள். அனுப்பிய பிறகு அழுகை வந்தது. ஆனாலும் அதை அழிக்கவில்லை.

அதிலிருந்து மூன்றாம் நாள் பல் டாக்டர் வாக்கெடுப்பு வைத்தார். பேக்கரியம்மாவைக் குழுவில் வைத்திருக்கலாமா, நீக்கலாமா? யார் எதற்கு வாக்களித்தார்கள் என்று படத்தோடு தெரியும். நீலக்குடை சும்மா இருந்தாள். மதியம் டாக்டர் எழுதினார்: "இன்னும் ஓட்டுப் போடாதவங்க யார் பக்கம்னு தெரிஞ்சா நல்லது." பட்டறைக் கழிவறையில் நின்றுகொண்டு ஏழக்கா 'நீக்கலாம்' என்பதைத் தொட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை சூப்பர்வைசர் நேராக அவள் மேசைக்கு வந்தார். வேலை போயிற்று என்றே நினைத்தாள்.

"ஏழக்கா, அந்தச் சீட்டு விஷயம் தெரிஞ்சதும் எனக்கு உயிரே போயிடுச்சு. மின்னல் ஆபீஸ்ல இருந்து போன் வேற. நம்ம கதை முடிஞ்சுதுன்னு எடுத்தா, சிரிக்கிறாங்க! இதைவிட நல்ல விளம்பரம் கெடைக்காதாம். புது ஆர்டர் குடுத்திருக்காங்க. எல்லாம் உங்க கைராசி."

புதுப் பனியன்கள் மூன்றாம் நாள் அவள் மேசைக்கு வந்தன. 'ஏழாம் நம்பர், உன்னை மன்னிச்சுட்டேன்.' மின்னல் அதை ஊரறியச் சொல்வதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. பக்கத்து மேசைக்காரிகள் ஒவ்வொரு பனியனையும் அவள் பக்கம் தூக்கிக் காட்டி, "அக்கா, உங்களை மன்னிச்சாச்சாம், கவலைப்படாதீங்க" என்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தன்னை மன்னித்த மூவாயிரம் பனியன்களில் மை திட்டு இருக்கிறதா என்று பார்த்து, நாலாக மடித்து வைத்தாள். இந்தத் தடவை சீட்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து, சொன்ன நாளில் மின்னல் சீட்டின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். "நீ யாரா இருந்தாலும் உன்னை மன்னிச்சுட்டேன்" என்றாள். குழுவில் கொண்டாட்டம். எல்லோரும் 'நான்தான் ஏழாம் நம்பர்' என்று வேடிக்கைப் படங்கள் போட ஆரம்பித்தார்கள். ஒருவர் தன் பூனையைப் போட்டார். பல் டாக்டர் ஒரு கடைவாய்ப் பல்லின் எக்ஸ்ரேயைப் போட்டு, ஏழாம் நம்பர் பல், பிடுங்கிவிட்டேன் என்றார்.

ஏழக்காவுக்கு அப்போது வந்தது கோபம். இத்தனை நாள் எங்கே இருந்ததோ, ஒரேயடியாக வந்தது. மடமடவென்று எழுதினாள்: "நான்தான் ஏழாம் நம்பர். அந்தப் பனியன் அடிக்கிற பட்டறைல பத்தொம்போது வருஷமா வேலை பாக்கறேன். தேதி போட்டது நான்தான். அது சரியான தேதி. பேக்கரியம்மா சொன்னது எல்லாம் நிஜம்."

ஒரு நிமிஷத்தில் நாற்பது பேர் சிரித்தார்கள்.

"விளையாட்டு இல்லைங்க. நிஜமாத்தான்" என்று எழுதினாள். எழுபது பேர். "நீலக்குடை, இவ்வளவு நகைச்சுவையை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க!" என்றார் பல் டாக்டர். அவள் இதுவரை எழுதிய எதற்கும் இத்தனை பேர் பதில் போட்டதில்லை.

பேக்கரியம்மாவுக்குப் போன் செய்தாள். எடுக்கமாட்டாள் என்று நினைத்தாள், எடுத்தாள். ஏழக்கா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள், சக்கரத்தைத் திருப்பியது முதல். மறுமுனையில் கடைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"உன் சீட்டா அது?" என்றாள் பேக்கரியம்மா. "நல்லதும்மா, இப்பவாவது சொன்னியே. வேலை போயிடும்னு பயந்திருப்பே. எனக்குப் புரியுது."

"அந்த ஞாயித்துக்கிழமை... நான் வரட்டுங்களா?"

கல்லாப்பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. யாருக்கோ சில்லறை கொடுத்துவிட்டு வந்தாள் போலிருக்கிறது.

"என்னை வெளிய தள்ளறதுக்கு முன்னாடி, யார் யாரு ஓட்டுப் போட்டாங்கன்னு ஒவ்வொண்ணாப் பாத்தேன். உன் குடை இருக்காதுன்னு நெனச்சுக்கிட்டேதான் பாத்தேன்" என்றாள். "ரொட்டி வாங்க யாரு வந்தாலும் குடுப்பேன். நீ வந்தா உக்காரவெச்சுப் பேசணுமே. அது என்னால முடியாதும்மா. வெக்கறேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஏழக்கா தாங்கியிருப்பாள்.

சலவைக்கடை மூடும் நேரம். ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டு அடங்கியது. போனைப் பார்த்தால் குழுவில் நூற்றுச் சொச்சம் செய்திகள். நீலக்குடை இன்னொன்று போடுங்கள், பட்டறைக் கதையைத் தொடருங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியேறுவதற்கான பொத்தான் எங்கே இருக்கிறது என்று இப்போது அவளுக்குத் தெரியும். அதைத் தேடி எடுத்து, மேலே விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். பிறகு திரும்பி வந்து, எல்லோரையும் போல ஒரு சிரிக்கும் முகத்தைப் போட்டாள்.